மூணு நூலும் ஒரு ஜெரேனியமும்

நான் சொல்லப்போறது அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் வாயில இருக்கிற பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். இருக்கிறதே அஞ்சு. அதனால நல்லா யோசிச்சுத்தான் சத்தியம் பண்றேன்.

"வெட்டாம இதக் காப்பாத்த ஒரு வழி சொல்லு அம்மணி."

கேட்டவரு அருமைநாயகம். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். வயசு அறுபத்திமூணு. ஊட்டி மலையில அவரு விசில் ஊதாத வளைவு கெடையாது.

கேட்டது செடி விஷயத்துல அவருக்குக் குருவான கமலவேணிகிட்ட. குருன்னதும் தாடி, காவி, மான்தோலுன்னு தேடாதீங்க. இந்தக் குருவுக்கு வயசு முப்பத்தஞ்சு. ரப்பர் பூட்ஸு, குரங்குக் குல்லா, முழங்கையில ஓட்டை விழுந்த ஸ்வெட்டரு. சிஷ்யனுக்கு குருவோட அப்பா வயசு. நான் பண்ணி வெச்ச ஏற்பாடு இல்ல, அப்படித்தான் நடந்துச்சு.

மார்கழி வந்தா அந்த மலையில புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி கெடக்கும். வெளிய விட்ட செடி விடியறதுக்குள்ள கருகிரும். அதனால அந்தச் சரிவுல இருக்கிறவங்க ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. குளிர் எறங்குறப்ப, ஆசையா வளத்த செடியில ஒரு கொப்ப ஒடிச்சு கமலவேணிகிட்ட குடுத்துருவாங்க. அந்தம்மா அத வீட்டுக்குள்ள மணல்ல நட்டு, வேர் விட வெச்சு, பங்குனியில திருப்பிக் குடுக்கும்.

அந்த மூணு மாசமும் ஜன்னல்ல செடி, அலமாரியில செடி, கட்டில் மேல செடி. அந்தம்மா கீழ படுத்துக்கும். மனுசங்க வந்தா வாசல்ல நின்னு பேசணும். செடி வந்தா மட்டும் உள்ள போலாம்.

அருமைநாயகம் கொண்டு வந்தது ஒரு ஜெரேனியம். பெயின்ட் டப்பாவுல வெச்சது. டப்பாவச் சுத்தி ஒரு பொம்பளை ஸ்வெட்டரு. பொத்தானெல்லாம் ஒழுங்கா போட்டிருந்துச்சு.

"யாரு வெச்ச செடி?"

"பிரகாசி. என் வீட்டுக்காரி."

"அவங்க வரலையா?"

"ஐப்பசியில போய்ச் சேந்துட்டா."

கமலவேணி ஸ்வெட்டர் பொத்தான ஒவ்வொண்ணா கழட்டுச்சு.

"வீட்டுல வேற செடி இருக்கா?"

"நாப்பது தொட்டி இருந்துச்சு. வருசா வருசம் அவதான் உள்ள எடுத்து வைப்பா. இந்த வருசம் எனக்கு ஞாபகமே வரல அம்மணி. ஒரு நாள் காலையில கதவத் தொறக்கிறேன், நாப்பதும் கறுத்து நிக்குது. இது ஒண்ணுதான் அடுப்படி ஜன்னல்ல இருந்துச்சு. அவளே எடுத்து வெச்சிட்டுப் போனது."

தண்டோட அடி கறுத்திருந்துச்சு. ரெண்டு விரக்கடை ஒசரத்துக்கு. தொட்டா கொழகொழன்னு இருந்துச்சு.

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"காலையில, மத்தியானம், சாயங்காலம்."

"மூணு வேளையுமா?"

"வெந்நி."

"வெந்நியா?"

"கொதிக்கக் கொதிக்க இல்ல அம்மணி. வெதுவெதுன்னு. அப்புறம் அடுப்புப் பக்கத்துல நகத்தி வெச்சுருவேன்."

"தைலம் தேச்சு விட்டீங்களா?"

"எதுக்கு?"

"கேட்டேன்."

சிரிக்காதீங்க. மொத பஸ்ஸு நாலே முக்காலுக்கு. முப்பத்தொரு வருசம், அவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பிரகாசி போட்ட வெந்நி அடுப்புல காஞ்சுக்கிட்டு இருக்கும். குளிர்ல ஒருத்தரப் பாத்துக்கிறதுன்னா அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

"அடி அழுகிருச்சுங்க," கமலவேணி சொல்லுச்சு. "அழுகல் மேல ஏறும். நல்ல எடமாப் பாத்து வெட்டி, மேல்பாதிய நட்டா வேர் விடலாம்."

"வெட்ட மாட்டேன்."

"நான் வெட்டுறேன்."

"யாரும் வெட்டக்கூடாது. வேற வழி சொல்லு. பவுடரு, மருந்து, எண்ணெய், எதா இருந்தாலும் சரி. கோயமுத்தூர்ல கெடைக்கும்னாலும் போய்ட்டு வர்றேன்."

கமலவேணி ஒரு பழைய பிஸ்கட் டின்னத் தொறந்துச்சு. சிவப்பு நூல் எடுத்துச்சு. தண்டுல கறுப்பு எங்க முடியுதோ, சரியா அங்க ஒரு முடிச்சு போட்டுச்சு.

"மந்திரிச்ச நூலா?"

"தையல் நூலு."

"கட்டுனா நிக்குமா?"

"தண்ணி வேண்டாம். அடுப்பு வேண்டாம். நாளான்னைக்கு வாங்க."

ரெண்டு நாளும் அருமைநாயகம் ஜன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தாரு. தண்ணி ஊத்தல. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஜெபமாலைய உருட்டுனாரு. வெந்நி மட்டும் பழக்க தோசத்துல போட்டாரு. போட்டு, ஆறவெச்சு, வெளிய ஊத்துனாரு.

மூணாம் நாள் டப்பாவத் தூக்கிக்கிட்டு போனாரு.

கறுப்பு நூலத் தாண்டிருச்சு.

"உன் நூலு சரியில்ல அம்மணி."

"ஆமாங்க."

கமலவேணி நீல நூல் எடுத்து, புதுசா கறுப்பு முடியிற எடத்துல கட்டுச்சு.

"வெட்டலாமா?"

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம். மேல பாரு, எலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. மொட்டு கூட விட்டிருக்கு. நல்லாத்தான் இருக்கா. வலியே இல்லைங்கிறா."

சொல்லிட்டு அவரே வாய மூடிக்கிட்டாரு. கமலவேணி அவர ஏறிட்டுப் பாத்துச்சு.

"வந்ததுக்கு ஒரு வேல செய்யுங்க," அப்படின்னுச்சு. "பொழுது சாயுது. ஜன்னல்ல இருக்கிறதெல்லாம் உள்ளே தள்ளி வைக்கணும். கண்ணாடிகிட்ட விட்டா பனி புடிச்சுக்கும்."

அருமைநாயகம் மொத தடவையா அந்த வீட்டுக்குள்ள போனாரு. சின்னச் சின்ன கப்பு, தயிர் டப்பா, பாதியா வெட்டுன தண்ணி பாட்டிலு. ஒவ்வொண்ணுலயும் மணலு, மணல்ல ஒரு குச்சி. சிலதுக்கு ஒரு எல. சிலதுக்கு அதுவும் இல்ல.

"உள்ள போ, உள்ள போ," அவரையும் அறியாம வாயில வந்துருச்சு. "படியில நிக்காத. எடம் இருக்குல்ல, பின்னால போ."

"ஃபுல்லாயிருச்சா கண்டக்டரே?"

"இன்னும் ரெண்டு ஏத்தலாம்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஐப்பசிக்கப்புறம் அவரு சிரிச்சது அன்னைக்குத்தான். சிரிச்சதும் யாரோ அடிச்ச மாதிரி மூஞ்சி சுருங்கிப் போச்சு. டப்பாவ எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு.

அடுத்து ரெண்டு நாள் கழிச்சு அவரு வந்தப்போ அடி எல ரெண்டு மஞ்சளாயி தொங்குச்சு.

கறுப்பு நீல நூலையும் தாண்டிருச்சு.

கமலவேணி வெள்ளை நூல் எடுத்துச்சு. தண்டச் சுத்திக் கொண்டு வந்துச்சு. முடிச்சு போடப் போறப்ப அருமைநாயகம் கையத் தடுத்துட்டாரு.

"போதும். கோடு போட்டது போதும்."

"நான் நூலுதானுங்க கட்டுறேன்."

"ஆஸ்பத்திரி டாக்டரும் இப்படித்தான் பண்ணாரு. பேனாவால. அவ கால்ல."

கமலவேணி நூலக் கீழ வெச்சிருச்சு.

"சக்கரை. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலு கறுத்துப் போச்சு. அந்த ஒரு விரல எடுத்துறலாம், கையெழுத்துப் போடுங்கன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். வெட்டாமயே ஆத்துறேன்னு ஒருத்தன் சொன்னான். எலைய அரைச்சுக் கட்டுனான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"டாக்டரா?"

"பிரகாசியக்கா."

அதுவரைக்கும் அந்தக் கேள்விய யாரும் அவரக் கேக்கல. ஊரு மொத்தமும் டாக்டர் என்ன சொன்னாருன்னுதான் கேட்டுச்சு.

"'வெட்டட்டும்ங்க'ன்னா. 'மெட்டிய அடுத்த விரல்ல போட்டுக்கிறேன், உங்களுக்கு ஒண்ணும் செலவில்ல'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

"அப்புறம்?"

"ரெண்டாவது கோடு கணுக்கால்ல. அப்பவும் அவ சொன்னா. 'உங்க கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்னு வெக்கமா? சும்மா போடுங்க'ன்னா. நான் போடல. அவள அப்படி முழுசா இல்லாம பாக்க என்னால முடியாதுன்னு நெனச்சேன். என்னால. பாத்தியா? அவளால முடியுமான்னு நெனைக்கல."

கமலவேணி வெள்ளை நூல எடுத்து பிஸ்கட் டின்னுல போட்டு மூடுச்சு.

"மூணாவது கோடு முழங்காலுக்கு மேல. அப்பத்தான் பேனாவ வாங்குனேன். முப்பத்தொரு வருசம், ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச கை. அன்னைக்கு ஓடல. பேரு பாதி எழுதிட்டேன். நர்ஸம்மா வந்து பேப்பர வாங்கிக்கிட்டுச்சு. 'இனி வேண்டாங்கய்யா'ன்னுச்சு."

வீட்டுக்குள்ள எங்கேயோ ஒரு எலையில இருந்து தண்ணி சொட்டுச்சு.

கமலவேணி உள்ள போயி ஒரு மெழுகுவத்தியும் சின்னக் கத்தியும் எடுத்துக்கிட்டு வந்துச்சு. கத்திய ரெண்டு பக்கமும் தீயில காட்டுச்சு. துடைச்சு, பிடி அவரு பக்கம் இருக்கிற மாதிரி நீட்டுச்சு.

"நீயே பண்ணிரு அம்மணி."

"உங்க செடிங்க."

கமலவேணி தண்டப் புடிச்சுக்கிச்சு. அருமைநாயகம் கத்திய வெச்சாரு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு.

"கண்ணத் தொறந்துக்கிட்டு வெட்டுங்க. நடுவுல என் விரலு இருக்கு."

தொறந்தாரு. வெட்டுனாரு.

வெட்டுன எடத்துல, நடுவுல ஒரு பழுப்புப் புள்ளி.

"இன்னும் மேல."

இன்னொரு தடவ வெட்டுனாரு. புள்ளி சின்னதாச்சு. போகல.

"இன்னும்."

"மொட்டு போயிருமே."

"போகும்."

மொட்டு கீழ விழுந்துச்சு. இந்தத் தடவ வெட்டு வெள்ளரிப் பிஞ்ச அறுத்த மாதிரி வெளுத்த பச்சையா இருந்துச்சு. கையில மிச்சம் ஒரு விரல் நீளம். ரெண்டு எல.

"இவ்வளவுதானா? இருபது வருசத்துச் செடி அம்மணி."

"இவ்வளவுதானுங்க."

"வந்த அன்னைக்கே வெட்டியிருந்தா?"

கமலவேணி பொய் சொல்லல. "ஒரு ஜாண் கெடைச்சிருக்கும்."

அந்தத் துண்ட பேப்பர்ல படுக்க வெச்சுச்சு. "ராத்திரி பூரா இப்படியே கெடக்கட்டும். வெட்டுன வாய் காயணும். நாளைக்கு மணல்ல வைங்க. பகல்ல ஜன்னல் வெளிச்சம், பொழுது சாஞ்சா உள்ள. மணல் காஞ்சா மட்டும் ரெண்டு ஸ்பூன் தண்ணி. வெந்நி ஊத்துனீங்கன்னு கேள்விப்பட்டேன், நான் வந்து உங்க தலையில ஊத்துவேன்."

"வேர் விட்டுச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. புடுங்கிப் பாக்காதீங்க."

"பொழைக்குமா?"

"தெரியாது."

"தெரியாமலா வெட்டச் சொன்ன?"

"ஆமாங்க."

அருமைநாயகம் அந்தத் துண்ட பேப்பரோட ஸ்வெட்டர்ல சுத்துனாரு. ஒவ்வொரு பொத்தானாப் போட்டாரு. கெளம்புற ஆளு மாதிரி எந்திரிச்சாரு. வாசல் வரைக்கும் போனாரு. போயி, திரும்பாமயே நின்னாரு.

"அம்மணி."

"சொல்லுங்க."

"அந்த ஒரு விரல மொத நாளே எடுத்திருந்தா..."

ரெண்டு மாசமா, தூங்கி எந்திரிச்சா மொதல்ல வர்றது அந்தப் பாதி வார்த்தைதான். மீதிய அவரு ஒரு நாளும் முடிச்சதில்ல.

கமலவேணி கட்டிலுக்கு அடியில கைய விட்டு ஒரு சாக்க இழுத்துச்சு. வாயப் பிரிச்சு அவரு காலடியில கவுத்துச்சு.

குச்சி. எரநூறு முந்நூறு இருக்கும். கறுத்தது, சுருங்குனது, எல காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தது. ஜெரேனியம், ரோஜா, பேரு தெரியாதது எல்லாம்.

"என்ன இது?"

"இந்தக் குளிர்ல செத்தது."

அருமைநாயகம் குத்தவெச்சு உக்காந்தாரு. ஒண்ணு எடுத்தாரு. திருப்பிப் பாத்தாரு. இன்னொண்ணு எடுத்தாரு. எல்லாத்துலயும் வெட்டு சாய்வா, சுத்தமா இருந்துச்சு.

"எல்லாம் லேட்டா வந்ததா?"

"இல்லைங்க," கமலவேணி சொல்லுச்சு. "எல்லாம் நேரத்துக்கு வந்தது."

கதை அவ்வளவுதான். கடைசியில அந்தத் துண்டு வேர் விட்டுச்சான்னு பின்வரிசையில ஒருத்தர் முணுமுணுக்கிறாரு. எனக்குத் தெரியும். சும்மா சொல்றதா இல்ல. ஆளுக்கொரு ஸ்ட்ராங் டீயும் சூடா ரெண்டு வர்க்கியும் என் முன்னால வரட்டும். காசு கொண்டாரலைன்னு நைசா எந்திரிக்கிறவரு உக்காருங்க சாமி, வாசக்கதவு என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு.