ஒப்புக்குச் சப்பாணி ராஜா

ஒரு ஊரு இருந்துச்சாம், ஊருக்கு ஒரு ஏரி இருந்துச்சாம், ஏரி இருந்தா ஆளுறதுக்கு ஒரு ராஜாவும் இருக்கணுமில்ல, இருந்தான். அவனுக்கு ஆறே வயசு. பேரு மாறவேலன். அப்பன் ராஜா காய்ச்சல்ல போயிட்டான், ஆத்தாக்காரி அதுக்கும் முந்தியே போயிட்டா. மிச்சம் இருந்தது தாய்மாமன் வீரபாகு ஒருத்தன்தான். அவன் புள்ளையைத் தூக்கிச் சிங்காசனத்துல உக்கார வச்சான், கால் தரைக்கு எட்டலை, அந்தரத்துல தொங்குச்சாம்.

ஏரிக்கரையில சின்னஞ்சிறுசுக எல்லாம் கிளித்தட்டு ஆடும். நாங்களும் ஆடியிருக்கோம், முழங்கால்ல இந்தத் தழும்பு அதுல வந்ததுதான். மண்ணுல கோடு கீறி, கோட்டு மேல ஒருத்தர் காவல் நிப்பாங்க, அவங்க கையில சிக்காம மத்தவங்க தாண்டணும். அந்தச் சத்தம் அரமனை வரைக்கும் கேக்கும்.

ஆறு வயசுல ராஜா கேட்டான், "மாமா, நானும் போயி ஆடட்டுமா?"

"ராஜா மண்ணுல இறங்கப்படாதுப்பா."

ஒம்பது வயசுல கேட்டான், "மாமா, ஒரே ஒரு ஆட்டம்?"

"ஆட்டம்னா தோக்க வேண்டி வரும், ராஜா தோக்கப்படாது. பேச்சு கேக்கலைன்னா நான் உன்னை விட்டுட்டுப் போயிருவேன். அப்புறம் உனக்கு ஆரு இருக்கா?"

பன்னண்டு வயசுல அவன் கேக்கவே இல்லை.

அதுக்கப்புறம் மாமன் என்ன சொன்னாலும் "சரி மாமா"தான். இந்த ஓலையில முத்திரை வைப்பா, சரி மாமா. அந்தாளைச் சிறையில போடுப்பா, சரி மாமா. ஆளு வளந்தான், மீசை வந்துச்சு, இருவது வயசும் ஆச்சு. உள்ளுக்குள்ள மட்டும் அந்த ஆறு வயசுப் புள்ளை, கால் தொங்கினபடியே உக்காந்திருந்துச்சு.

ஒரு வருசம் ஏரியோட கீழமடையை மாமன் அடைச்சுட்டான். அந்தத் தண்ணியில விளையுற ஊரு கீழூரு. பயிரு காஞ்சுச்சு, மாடு கன்னு வத்திச்சு, சனங்க அரமனைக்கு வந்து நின்னாங்க. "மடையைத் திறந்து விடுங்க சாமி"ன்னாங்க. மாமன் ராஜா காதுல குசுகுசுத்தான். ராஜா சொன்னான், "மாமா சொன்னா சரிதான்."

கூட்டத்துல அழகம்மான்னு ஒரு கிழவி. அவ கோவப்படலை, ரொம்பப் பதனமா கேட்டா, "அய்யா, உமக்கு வயசு இருவதா, ஆறா?"

எல்லாரும் போயிட்டாங்க, அந்தக் கேள்வி மட்டும் போகலை.

மறுநாள் மத்தியானம், மாமன் உண்ட மயக்கத்துல கிடந்தப்ப, ராஜா கடுக்கனைக் கழட்டி வச்சான், கிரீடத்தைக் கழட்டி வச்சான், தோட்டக்காரன் வேட்டி ஒண்ணைக் கட்டிக்கிட்டு ஏரிக்கரைக்கு நடந்தான். மடையைப் பாக்கலாம்னுதான் போனான். பாத்தா, கீழூருத் தண்ணி புதுசா வெட்டுன வாய்க்கால்ல மாமனோட தென்னந்தோப்புக்கு ஓடுது. என்ன செய்யன்னு தெரியாம நின்னான். பக்கத்துல புள்ளைக ஆடிக்கிட்டிருந்துச்சுக. கால் தானா அங்க போச்சு.

"என்னையும் சேத்துக்குவீங்களா?"

மாடத்தின்னு ஒரு எட்டு வயசுக்காரி, அவதான் அந்தக் கூட்டத்துக்கே தலைவி. ஏற இறங்கப் பாத்தா. "இம்புட்டு வளந்திருக்கீங்க, இப்பத்தான் ஆட வர்றீங்களாண்ணே?"

"ஆருமே ஆட விடலை."

அவளுக்குப் பாவமா போச்சு. "சரி, ஒப்புக்குச் சப்பாணியா நில்லுங்க." கணக்குல சேராத ஆளுன்னு அர்த்தம்.

மொத நாளு தோத்தான். மூஞ்சி தொங்கிப் போயி ஓரமா உக்காந்துட்டான். மாடத்தி கையைப் புடிச்சு இழுத்தா, "தோத்தா அடுத்த ஆட்டத்துக்கு வரணும்ணே, அம்புட்டுதான்."

ரெண்டாம் நாளு காவல் நின்னான். பேச்சின்னு ஒருத்தி ஓடினா, தொட்டுட்டான். அவ, "தொடவே இல்லை"ன்னு சாதிச்சா. இவன் உடனே, "சரி, தொடலை"ன்னான்.

மாடத்தி கேட்டா, "தொட்டீங்களா, இல்லியா?"

"தொட்டேன்."

"அப்ப ஏன் சரிங்கிறீங்க?"

"இல்லைன்னு சொன்னா அவ போயிருவாளே."

"போகட்டும். தொட்டா தொட்டேன்னு சொல்லணும். அழுகுணி ஆட்டத்துக்குத் தலையாட்டினா ஆட்டமே கெட்டுப்போகும்."

ராஜா அவளைக் கூப்பிட்டுச் சொன்னான், "பேச்சி, நான் தொட்டேன்." அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, "உன் பேச்சு காய்"னுட்டு வீட்டுக்குப் போயிட்டா. அன்னைக்கெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கலை.

மூணாம் நாளு போனா, பேச்சி எல்லாருக்கும் முந்தி வந்து நிக்கிறா. ரெண்டு விரலை நீட்டி, "பழம்"னா. அவ்வளவுதான், சண்டை தீந்துச்சு. ராஜாவுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. இல்லைன்னு சொன்னாலும் மனுசங்க திரும்பி வருவாங்களா? இருவது வருசமா இது தெரியாமப் போச்சே. நமக்கெல்லாம் அஞ்சாறு வயசுலயே தெரிஞ்சிருது, எப்பக் கத்துக்கிட்டோம்னுகூட ஞாபகமில்லை.

நாலாம் நாளு சபையில மாமன் ஓலையை நீட்டினான். "கீழமடையை ஒரேயடியா மூடிரலாம்பா, முத்திரை வை."

"மாமா, மடையைப் போயிப் பாத்தேன். தண்ணி உங்க தோப்புக்குப் போகுது."

"ஆரு சொன்னா?"

"நானே பாத்தேன். முத்திரை வைக்க மாட்டேன்."

மாமன் பழைய ஆயுதத்தை எடுத்தான், "அப்ப நான் உன்னை விட்டுட்டுப் போயிருவேன்."

ராஜா சொன்னான், "போங்க மாமா. வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. மடையை மட்டும் உங்க கையாலயே வெட்டித் திறந்து விட்டுட்டுப் போங்க."

மம்பட்டியே புடிக்காத மனுசன், கீழூருச் சனங்க முன்னால கையெல்லாம் கொப்புளிக்க வெட்டினான். அன்னையிலருந்து கடைசி வயலுக்கும் பாஞ்சது போக மிச்சத் தண்ணிதான் அவன் தோப்புக்கு. வரப்புல உக்காந்து தன் முறைக்குக் காத்துக் கெடந்தான். ராஜா கூடப் போயி உக்காந்திருப்பான். விட்டுட்டுப் போறேன்னு சொன்ன மாமன் எங்கயும் போகலை.

ராஜா மத்தியானம் தவறாம ஆடப் போனான். அப்புறம் ஒரு வருசம் பேச்சி வரலை, அவளுக்குத் தறி வேலை. இன்னொரு வருசம் மாடத்தி வரலை, பெரியமனுசி ஆயிட்டா. கோடு அழிஞ்ச மண்ணுல ராஜா ஒத்தையா நின்னான். நெஞ்சு கனத்துச்சு, ஆனா பயமில்லை. அரமனைக்குப் போனான், தனக்குப் பொண்ணு பாக்கச் சொன்னான்.

ஆறு வயசுல கிடைக்க வேண்டியது கிடைக்கலைன்னா மனசு அங்கயே நின்னுரும் கண்ணுகளா. இருவதோ அறுவதோ, திரும்பிப் போயி அதைக் கூட்டிக்கிட்டு வந்திரலாம், என்னையும் சேத்துக்குவீங்களான்னு கேக்க வெக்கப்படக் கூடாது.

கதை கரையேறிச்சு, கேட்ட காது குளுந்துச்சு. வெளியில இன்னும் வெளிச்சம் கெடக்கு, எந்திரிச்சுப் போயி ஆடுங்க.