மாலைக்குக் காத்திருந்த மருந்து

இலுப்பைக்காட்டில் ஒரு பெண்மான் தன் குட்டியை நக்கிக்கொண்டே நின்றது. புயல் ஓய்ந்தும் மரங்கள் விழுவது ஓயவில்லை. அன்று காலைதான் ஒரு கிளை முறிந்து குட்டியின் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தைக் கட்டும் பச்சிலை எல்லாம் வெள்ளச் சேற்றுக்கடியில் கிடந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நெல்லிக்காடு சேதி கேட்டுப் பதறியது. குரங்குகள் பச்சிலை பறித்தன. கரடி தன் தேனடையைக் கொடுத்தது. முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்ட மூங்கில் சிம்புகள் தயாராயின. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி யானையின் முதுகில் ஏற்றினார்கள். யானை நல்ல யானைதான். வழியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்து, கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கி ஆற்றைக் கடந்தது.

கரையேறியதும் நரி மந்திரி குறுக்கே வந்தது.

"வாங்க, வாங்க! அப்படியே நில்லுங்க!"

"எதுக்கு நிக்கணும்? அடிபட்டவங்க எங்கே?"

"நல்லா இருக்கே! அயல்காட்டு விருந்தாளி, மூட்டையை இறக்கிட்டு சும்மா போறதா? எங்களுக்கு என்ன மரியாதை? ராஜா வரணும், உங்களுக்கு மாலை போடணும், அவர் கையால முதல் மூட்டையை அவிழ்க்கணும். அதுதான் முறை!"

காட்டில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. மாலை கட்டப் பூ மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

சிங்கராஜா வர நேரமானது. பிடரி ஈரமாக இருக்கிறதாம். காய வேண்டுமாம்!

பெண்மான் யானையிடம் ஓடி வந்தது. "அண்ணே, ஒரு பிடி இலை குடுங்க! ஒரே ஒரு பிடி!"

யானை துதிக்கையை மூட்டைக்குத் தூக்கியது. நரி பாய்ந்து வந்தது.

"ஐயையோ! இப்பவே பிரிச்சா விழாவே கெட்டுடும்! ஏம்மா, உன் குட்டிக்குத்தான் முதல் மருந்து. அதுவும் ராஜா கையால! இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? முன்வரிசையில கொண்டுபோய்ப் படுக்க வை!"

முடிச்சை அவிழ்க்க யானைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அதன் கண் அந்த மாலைமேல் போய் நின்றது. நெல்லிக்காட்டில் காலமெல்லாம் சுமை தூக்கியும் அதன் கழுத்தில் யாரும் ஒரு பூ வைத்ததில்லை.

"கொஞ்ச நேரம்தானே, தாயீ" என்று துதிக்கையை இறக்கிக்கொண்டது.

ஒருவழியாக ராஜா வந்தது. தோகை பிய்ந்த மயிலை ஆடச் சொன்னார்கள். பாவம், அது ஆடியது. ராஜா பேசியது. நரி பேசியது. மாலை விழுந்ததும் யானையையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். தான் வெள்ளத்தைக் கடந்த கதையை யானை விரிவாகவே சொன்னது.

"என் குட்டிக்குக் கண்ணு சொருகுது!" என்று பெண்மான் கதறியது.

"உஷ்! பேசிட்டிருக்காங்க இல்ல!" என்று அதட்டியது பக்கத்தில் இருந்த முயல். அந்த முயலுக்கே முன்கால் முறிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

கடைசியில் ராஜா முதல் மூட்டையை அவிழ்த்தது. குட்டியின் தொடையில் பச்சிலையை வைத்து அழுத்தியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. ரத்தம் நின்றிருந்தது.

"பார்த்தீங்களா! ராஜா கை பட்டதும் ரத்தம் நின்னுடுச்சு!" என்று நரி கூவியது. காடே ஆரவாரம் செய்தது.

இலை வைப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டது என்பது பெண்மானுக்கு மட்டும்தான் தெரியும். அது அழவில்லை. குட்டியின் காலில் இருந்த பச்சிலையை வாயால் எடுத்து முயலின் முன்னால் போட்டது. பிறகு யானையிடம் வந்தது.

"அண்ணே, அந்த மாலையைக் கழட்டிக் குடுங்க."

"மாலையா? எதுக்கும்மா?"

"என் குட்டிக்குப் போடணும். இனி அதுக்கு வேண்டியது இந்த மாலை ஒண்ணுதான்."

யானை குனிந்து குட்டியைப் பார்த்தது. மாலையைக் கழற்றியது. ஆரவாரம் இன்னும் ஓயவில்லை.

உயிருக்குத் துடிப்பவனுக்கு வந்த உதவியை மரியாதைக்காகத் தடுத்து வைப்பவனும், மாலைக்காக அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனும் கொலைகாரனுக்குச் சமம்.