வெள்ளமணிக்கு இரண்டு மேற்பார்வை

நீங்களும் நானும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால், ஓர் ஆற்றங்கரை நாட்டை இளநாகன் என்ற அரசன் ஆண்டான். ஒரு ஐப்பசியில் வெள்ளம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாதிக் குப்பத்தை அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த ஐப்பசிக்குள் ஊரெல்லாம் கேட்கும்படி ஒரு வெண்கல மணி வேண்டும் என்றான் அரசன்.

மணி வார்க்க வந்தவன் செங்கோடன். கெட்டிக்காரன். அந்த வெள்ளத்தில் அவன் தங்கையும் போய்விட்டாள். அதனால் கூலிக்காக மட்டும் அவன் உலை மூட்டவில்லை.

மேற்பார்வைக்கு மாறநம்பி என்ற அதிகாரி வந்தார். "நீயே பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். நடுவில் வெள்ளீயம் தீர்ந்தது. அவர் முத்திரை இல்லாமல் பண்டகசாலை திறக்காது. செங்கோடன் மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்தான். மூன்று முறையும் ஐயா மீன் பிடிக்கப் போயிருந்தார். வெள்ளீயம் குறைந்தால் மணிக்கு ஓசை ஏது? இருந்ததை வைத்து வார்த்த மணி 'தொக்' என்றது.

அடுத்து அரிகண்டர் வந்தார். விடிந்தால் உலைமுன் நிற்பார். "கரி போடு", "துருத்தியை ஊது", "ஏன் நிக்கிற?" கேட்ட வெள்ளீயம் கேட்ட நாழிகையில் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெண்கலத்தை ஊற்றிக் குழியை மூடினால் மூன்று நாள் மண்ணைத் தொடக்கூடாது. அவருக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

"ஓரமா ஒரு தடவை பாத்துருவோம்" என்று தோண்டவைத்தார். ஆறாத மணியில் காற்றுப் பட்டு விளிம்பு முதல் தலைவரை விரிசல் விட்டது. செங்கோடன் குழிக்கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. இனி ஒரே ஒரு முறைதான் வார்க்க முடியும். "இந்த இருவரில் யார் வேண்டும்?" என்று அரசன் செங்கோடனைக் கேட்டான்.

"ரெண்டு பேரும் வேணும் மகாராசா. குழியை மூடுற வரைக்கும் அரிகண்டர் ஐயா இருக்கட்டும். மூடுன பிறகு மூணு நாளைக்கு மாறநம்பி ஐயாதான் காவல்."

சபை சிரித்தது. அரசன் சிரிக்காமல் அப்படியே ஆணையிட்டான். அரிகண்டர் ஓடி ஓடிக் கரியும் வெள்ளீயமும் சேர்த்தார். குழி மூடியதும் அரசன் அவரை மலைக்கு அந்தப்புறம் ஒரு வேலையாக அனுப்பிவிட்டான். மாறநம்பியோ காவலுக்கு வரவே இல்லை. நான்காம் நாள் செங்கோடன் தன் கையால் தோண்டினான். மணி முழுசாக இருந்தது.

ஐப்பசி ஏழாம் நாள் ஆறு கரையை உடைத்தது. மணி அடித்தது. குப்பத்து ஜனம் பிள்ளைகளோடும் ஆடுகளோடும் மேடேறியது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மணிக்கயிற்றை விடாமல் இழுத்த செங்கோடன் தங்கை பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

கேட்டீர்களா, வேலை வாங்குகிறவர் வேண்டியதைக் கொடுக்கக் கிட்டே இருக்கவேண்டும், கொடுத்த பிறகு எட்டிப் போகவும் தெரிந்திருக்கவேண்டும்.