இந்த வருசம் என்னோடது

மன்னராட்சி ஒழிந்து, தேர்தலும் வங்கியும் வக்கீல்களும் ஒன்றாக வந்து இறங்கிய ஒரு சின்ன நாட்டில் நடந்த வழக்கு இது. நாட்டின் பெயர் வேண்டாம். எதைச் சொன்னாலும் அது தங்களைத்தான் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

அங்கே கரம்பையூர் என்ற ஊரில் வயல் யாருக்கும் நிரந்தரமில்லை. தைமாதம் எல்லோரும் கூடிக் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். ஒருவருக்குத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வரும், இன்னொருவருக்கு உப்புப் பூத்த கடைமடை. கடைமடைக்காரர் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தைக்குக் காத்திருப்பார்.

புது அரசுக்கு நிலச் சட்டம் எழுதித்தர வெளிநாட்டிலிருந்து ஹென்ரிக் என்ற ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர். பண்ணையார்கள் கொடுத்த விருந்துக்குப் போகாமல் வரப்பில் நடந்து, உழுகிறவர்களையே கேட்டார்: "இது யாருடைய வயல்?"

"இந்த வருசம் என்னோடதுங்க" என்றார் தலைமடையில் நின்ற மருதப்பன்.

மொழிபெயர்ப்பாளர் சௌரிராசன், "என்னுடையது என்கிறார்" என்றார். பட்டணத்துக்காரர். "இந்த வருசம்" என்பதைப் பேச்சுவாக்கில் வந்தது என்று நினைத்து விட்டுவிட்டார். வயலுக்கு வயல் இதே கேள்வி, இதே பதில். உழுகிறவருக்கே நிலம், என்றென்றைக்கும் என்று ஹென்ரிக் மனநிறைவோடு எழுதிக் கொடுத்தார். சட்டம் நிறைவேறியது.

அந்த வருடம் கடைமடை பவுனம்மாள் கையில் இருந்தது. புருஷன் இல்லாதவள், பெண்கள் இரண்டு. தை பிறந்ததும் குடத்தோடு போய் நின்றாள். தலைமடைக்காரர் ஒருவரும் வரவில்லை. மருதப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, சீட்டுக் குலுக்க வரலையா?"

"பட்டா குடுத்துட்டாங்களே தங்கச்சி. இனிமே எதுக்குச் சீட்டு?"

"அதுக்கு முந்தின வருசம் இந்தத் தலைமடை என் கையிலதானே இருந்துச்சு? தை பொறந்ததும் நான் உங்களுக்கு விட்டுத் தரலையா?"

"அப்ப சட்டம் வரலையே" என்றார் மருதப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பவுனம்மாள் போட்ட வழக்கு நீதிமன்றம் போனது. சௌரிராசன் தானாகவே வந்து, "தப்பு என்னுடையதுதான்" என்று கூண்டில் நின்று அழுதார். நீதிபதி அம்மாளும் அந்தப் பக்கத்துக்காரர்தான், வழக்கமெல்லாம் தெரியும். ஆனாலும் இப்படிச் சொன்னார்: "மன்னருக்கு மனமிரங்கினால் ஒரு தீர்ப்பு, இரங்காவிட்டால் ஒரு தீர்ப்பு என்று இருந்தோம். அது வேண்டாமென்றுதான் சட்டம் கேட்டோம். எழுதியிருப்பதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை." வழக்கு தள்ளுபடி ஆனது.

ஐயா வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். விசாரித்து எழுதிய ஹென்ரிக், இரண்டு வார்த்தையை விழுங்கிய சௌரிராசன், சட்டத்தை மீறாத நீதிபதி, பட்டாவைப் பிடித்துக்கொண்ட மருதப்பன். பவுனம்மாளின் சீட்டைப் பறித்தது இவர்களில் யார்?

விடை: மருதப்பன். ஹென்ரிக்குக்கு அந்த வழக்கம் தெரியாது. சௌரிராசனுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியாது. நீதிபதிக்குத் தெரிந்தும் கை கட்டப்பட்டிருந்தது. தெரிந்தும் கை கட்டப்படாதவர் மருதப்பன் ஒருவரே. குலுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை நான் பவுனம்மாளிடமே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தலைமடை என் கையில இருந்தப்பவே அந்தச் சட்டம் வந்திருந்தா, சாமி, நானும் குலுக்க வந்திருக்க மாட்டேன்" என்றாள். சின்ன மகளைப் பட்டணத்தில் வீட்டுவேலைக்கு அனுப்பிவிட்டு, பெரியவளோடு உப்புக்குள் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.