நத்தைக்குத்தி நாரை வைத்த காலடி

புன்னையேரியில் வேம்பு என்று ஒரு நத்தைக்குத்தி நாரை இருந்தாள். கோரைப்புல்லுக்குள்தான் அவள் குடித்தனம். நல்லவள்தான், பாவம். யார் மனமும் கோணிவிடக் கூடாது என்று வாயை அளந்து திறக்கிறவள்.

கார்த்திகை பிறந்தால் பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு அந்த ஏரிக்கு வந்து இறங்கும். குஞ்சுகளுக்கு இந்த ஊர் பாஷை சுத்தமாகத் தெரியாது. எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம், அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாமே புதுசு. அதனால் உள்ளூர்ப் பறவைகள் தமக்குத் தெரிந்ததைக் கரைச் சேற்றில் அலகால் பாடமாக எழுதி வைக்கும்.

முன்பெல்லாம் அந்தப் பாடங்களை ஓர் ஆந்தை பொந்துக்குள் உட்கார்ந்து சரிபார்த்தது. ஏன் தள்ளியது, எதற்கு ஏற்றது என்று ஒருவருக்கும் தெரியாது. பறவைகள் சண்டை போட்டு அதை மாற்றின. இப்போது மூன்று நாள் பாடம் திறந்தே கிடக்கும். குறை நிறை எதுவானாலும் பக்கத்திலேயே எழுதி, தன் காலடியைப் பதிக்க வேண்டும். சேறு காய்ந்ததும் குஞ்சுகள் அதைப் படிக்கும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்?

அந்த வருஷம் கூழைக்கடாப் பெரியவர் ஒரு பாடம் எழுதினார். ஆட்காட்டிக் குருவி கத்தினால் ஆபத்து என்று அர்த்தம், உடனே கோரைக்குள் ஓடி ஒளிய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

வேம்புக்குப் பகீரென்றது. அர்த்தம் சரி. ஆனால் நரி பதுங்குவதே கோரைக்குள்தானே! ஆட்காட்டி கத்தினால் நடுத்தண்ணீருக்கு அல்லவா நீந்த வேண்டும்? மரத்து உச்சியில் வாழ்கிற பெரியவருக்கு அது எப்படித் தெரியும்?

திருத்தி எழுத அலகைத் தாழ்த்தினாள். பெரியவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அதற்குள் நாலைந்து பேர் 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் நத்தைகளைப் பற்றி அவளே ஒரு பாடம் எழுதப் போகிறாள். அதற்கு முதல் கருத்து சொல்லப் போகிறவர் இவர்தான். வேறு யாராவது சொல்லாமலா போவார்கள் என்று நினைத்தாள். 'மிக நன்று, ஐயா' என்று எழுதிக் காலடியைப் பதித்துவிட்டுப் போனாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து எட்டிப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. அவள் காலடியைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பாராட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் வெயிலில் சேறு இறுகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலை ஆட்காட்டி கத்தியது. நோர்பு என்ற வாத்துக்குஞ்சு கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. பாடத்தை அட்சரம் பிசகாமல் படித்த குஞ்சு அது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் கோரையைப் பார்த்து ஓடியது. வேம்பு அலறிக்கொண்டு பறந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு சிறகுதான் மிஞ்சியது.

கூழைக்கடா தள்ளாடி வந்தார். வேம்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை.

"எனக்குத் தெரியாதேம்மா. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அங்கேயே அழித்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார்.

தாய் வாத்து அழக்கூட இல்லை. இரண்டு சிறகையும் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு வேம்பைப் பார்த்தது.

"அந்தப் பாடத்தை நான் முதலில் நம்பவில்லை, அக்கா. கோரையிலேயே குடியிருக்கிறவள் காலடி வைத்திருக்கிறாளே என்றுதான் பிள்ளையைப் படிக்கச் சொன்னேன்."

 

எழுதியவர் முகம் வாடுமே என்று நாம் விழுங்கிவிடுகிற பிழை, நம்பிப் படித்தவர் தலையில்தான் வந்து விடியும்.