மழைக்கு ஒரு கையெழுத்து

மதுரை விமான நிலையத்தில் தையல்காரி சுடலி, கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமாகக் காத்துக் கிடந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னையில் ரிசப்ஷன். விமானத்தைத்தான் காணோம்.

கோட்டு போட்ட விமானக் கம்பெனி மேனேஜர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. "சென்னையில பேய்மழைம்மா. எந்த விமானமும் இறங்க முடியாது. எங்க தப்புன்னாத்தான் வேற விமானத்துல ஏத்திவிடணும். மழைக்கு நாங்க பொறுப்பில்ல. சட்டம் தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன சார் தெரியும்? நீங்க சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கல்யாண வீட்டுல காட்டணும்."

தொல்லை விட்டதென்று சீல் வைத்தே கொடுத்தார்.

பக்கத்து வரிசையில் வேறொரு கம்பெனியின் சென்னை விமானத்துக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தது. சுடலி நேராக அங்கே போய்த் தாளைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள்: "ஏறாதீங்க! சென்னையில எந்த விமானமும் இறங்க முடியாதாம். மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்கார்!"

வரிசை கலைந்தது. அந்தக் கம்பெனி அதிகாரி பாய்ந்து வந்து மேனேஜரின் மேசையில் குத்தினார். "யோவ், எங்கய்யா மழை? எங்க விமானம் இப்பத்தான் சென்னையிலருந்து வந்து நிக்குது!"

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மழையில்ல சார்... எங்க பைலட் வரல."

"அப்ப உங்க தப்புதானே?" என்றாள் பின்னாலேயே வந்த சுடலி. "இவர் விமானத்துல எனக்கு ஜன்னலோர சீட்டாப் போடுங்க சார். உங்க மழையைப் பாத்துக்கிட்டே போறேன்."