ராக்கியண்ணனுக்கு ஒரு சுற்று

வேலாங்காட்டூர் மாட்டுக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கும் காளைக்குக் கோப்பை பெரிதில்லை, சுற்றுதான் பெரிது. மேளம் முழங்க மைதானத்தை ஒரு தடவை வலம் வர வேண்டும். அதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே சுற்றுவட்டாரத்து ஜனம் வேன் பிடித்து வந்துவிடும்.

காளைக்கு முன்னால் மேளம். மேளத்துக்கும் முன்னால் ராக்கியண்ணன். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டு கையையும் அகல விரித்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே போவார். அவர் இல்லாவிட்டால் கூட்டம் காளையின் மேலேயே போய் விழும், மிரண்ட காளை யாரையாவது குத்திக் கிழித்துவிடும். முப்பது வருஷமாக யார் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வரச் சொல்லி அவரை யாரும் அழைத்ததுமில்லை. அவராகத்தான் வருவார்.

இந்த வருஷம் அவரைக் கௌரவிப்பது என்று விழாக் குழு முடிவு செய்தது. மேடையில் பொன்னாடை, ஒரு கேடயம், தலைவர் பேச்சு. ராக்கியண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொன்னாடை வேண்டாம் என்றார். என்ன அடக்கம் என்று குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பேசி முடிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

"எனக்கு ஒரு சுத்து வேணுமுங்க. மேளத்தோட."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரிக்காதவர் டாக்டர் வெள்ளியங்கிரி ஒருவர்தான். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்காட்சியின் நடுவர். குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். இப்போது மேட்டு மடத்துத் தவமணி அம்மையிடம் சீடராகச் சேர்ந்து, தன்னிடமிருந்த 'நான்' என்பதை ஒழிக்கும் வேலையில் இறங்கியிருந்தார். எதில் இறங்கினாலும் தீவிரமாக இறங்குகிற மனுஷர். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு என்பதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவு காலம் தொண்டு செய்த ஒருவர் கடைசியில் வாய்விட்டுப் பெருமை கேட்கிறாரே என்று டாக்டருக்கு உண்மையாகவே வருத்தம். சுற்றெல்லாம் கிடையாது, பொன்னாடை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

ராக்கியண்ணன் சண்டை போடவில்லை. கண்காட்சியன்று காலையில் வந்தார். முதல் பரிசு வாங்கிய காளைக்கு எப்போதும் போல வழி ஏற்படுத்தினார். சுற்று முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தகவல் மட்டும் வந்தது.

தவமணி அம்மை சிறப்பு விருந்தினராக மேடையில் இருந்தார். டாக்டர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"தொண்டு செஞ்சவரு பெருமையும் கேட்டா, அது தொண்டுங்களாம்மா?"

அம்மை கீழே மாலையோடு நின்றிருந்த சாம்பல் நிற மயிலைக் காளையைக் காட்டினார்.

"அதுக்கு ஏனுங்க டாக்டர் முதல் பரிசு குடுத்தீங்க?"

டாக்டருக்குப் பிடித்த கேள்வி. திமிலில் ஆரம்பித்து, நெஞ்சு அகலம், கால் கட்டு, குளம்பு வரைக்கும் விளக்கினார்.

"அதெல்லாம் ரெண்டாவதா வந்த காளைக்கும் இருந்துச்சுங்கம்மா. நடக்கவுட்டப்ப அதுக்குத் தலை தொங்கிப் போச்சு. இது நிமுந்து நடந்துச்சு."

"நிமுந்து நடந்தா அது திமிரு இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. திமிர் புடிச்ச மாடு கொம்பை ஆட்டும், ஆளைப் பாத்துச் சீறும். தன் தெம்பு தனக்குத் தெரிஞ்ச மாடு சும்மா நிமுந்து நடக்கும், ஒருத்தரையும் முட்டாது. நாலடி நடக்கவுட்டா எனக்குத் தெரிஞ்சுரும்."

அம்மை எழுந்து மேடையை விட்டு இறங்கினார். ஒன்றும் புரியாமல் டாக்டரும் பின்னால் போனார். கொட்டகையில் இருந்த ராக்கியண்ணன் அம்மையைக் கண்டதும் பதறி எழுந்தார். அம்மை அவருடைய துண்டைக் கேட்டு வாங்கித் தன் காவிச் சேலை மேல் போட்டுக்கொண்டார். மேளக்காரர்களைக் கைகாட்டி வரச் சொல்லி, ராக்கியண்ணனை அவர்களுக்குப் பின்னால் நிறுத்தினார். தான் மேளத்துக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் அகல விரித்தார்.

"வழி விடுங்க, வழி விடுங்க. ராக்கியண்ணன் வர்றாருங்க."

மடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காத குரல் அது. அன்றைக்கு மைதானத்தின் மறு ஓரம் வரை கேட்டது. கூட்டம் திகைத்துப் போய் விலகியது.

ராக்கியண்ணன் முதலில் தடுமாறினார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வேப்பமரத்துத் திருப்பத்தில் ஒரு பெண் குழந்தையோடு முன்னால் வந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் கையை விரித்து அவளை ஒதுக்கப் போனார். இன்றைக்குத் தன் வேலை அது இல்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது. விரித்த கையால் குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு அவர் குனியவே இல்லை.

பரிசு வாங்கிய காளைக்காரர்களும் வாங்காத காளைக்காரர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்பு சிரித்த குழுவினர் விசிலடித்தார்கள். ஊருக்கே அன்று பெருமை பிடிபடவில்லை.

டாக்டர் மட்டும் நடுவர் நிற்கும் இடத்தில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்று முடிந்ததும் ராக்கியண்ணன் நேராக அம்மையிடம் வந்து கும்பிட்டுத் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஜோடிக் காளைகளின் சுற்று இருக்கிறது, கூட்டத்தை இப்போதே ஒழுங்குபடுத்தினால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

அம்மைக்குக் குரல் கம்மியிருந்தது. யாரோ கொண்டுவந்த மோரைக் குடித்தார். பொன்னாடை இன்னும் டாக்டர் கையில்தான் இருந்தது.

"முன்னால போறவங்களுக்குப் பின்னால வர்றது தெரியறதே இல்லீங்க டாக்டர். இத்தன வருஷத்துல அவரு ஒரு காளையோட சுத்தைக்கூட முழுசாப் பாத்திருக்க மாட்டாரு. இன்னைக்கு நானும் அவரைப் பாக்கல."

அம்மை மோர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நீங்க பாத்தீங்க. நாலடியில தெரிஞ்சுரும்னு சொன்னீங்களே. நடை எப்படிங்க?"

டாக்டர் வாயெடுத்தார். "நிமுந்து நடந்தாருங்கம்மா, ஒருத்தரையும் முட்டாம."